அசுந்தா கீழே போட்டவை

...சத்தம் இறங்கிவிட்டது, வெங்காயம் போட்டவுடன் ஓட்டுக்கூரையில் மழை பெய்கிற மாதிரி சடசடக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றியதும் அது முணுமுணுப்பாகக் குறையும், அப்போது தீயைத் தணிக்க வேண்டும், நிறத்தைப் பார்த்தால் இன்னும் கண்ணாடிதான், ஓரம் மட்டும் பொன்னாகியிருக்கிறது, இன்னும் இரண்டு நிமிடம் கொடுக்கலாம்... லொரெதானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். எட்டு மாதமாக அவள் கடிகாரத்தையும் கண்ணையும் காதையும் விரல் நுனியையும் வைத்துத்தான் சமைக்கிறாள். மூக்கு இல்லை. முகத்தில் இருக்கிறது, சளி பிடித்தால் ஒழுகவும் செய்கிறது, ஆனால் அதற்குள் எதுவும் நுழைவதில்லை. ஜனவரியில் பின்வாசல் படியில் பனி உறைந்து கிடந்தது, கைநிறைய விறகு, கால் வழுக்கி மல்லாந்து விழுந்ததில் பிடரி கல்லில் மோதியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு முறியவில்லை என்று சொன்னார்கள், தப்பித்தாய் போ என்று ஊரே சொன்னது, மூன்றாம் நாள் காலையில் காபியை வாயில் வைத்தால் வெந்நீர். சூடு இருந்தது, கசப்பு கொஞ்சம் இருந்தது, காபி இல்லை. அன்றைக்கு யாரும் பார்க்காத நேரத்தில் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து முகர்ந்தாள், ஏலம் போடுகிறவன் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, ஜாதிக்காய், ரோஸ்மேரி, வினிகர், பன்றிக்கொழுப்பு, கடைசியில் மண்ணெண்ணெய் டப்பாவைக்கூட. பூண்டை நசுக்கி மூக்குக்குள்ளேயே தேய்த்துப் பார்த்தாள். எரிந்தது, அவ்வளவுதான். ராத்திரி எலியோ கழற்றிப் போட்ட சட்டையின் கழுத்துப்பட்டியில் முகத்தைப் புதைத்தாள், துணி, வெறும் துணி... முப்பத்தொரு வருஷத்துப் புருஷன், கடையில் புதிதாக வாங்கிய துணி மாதிரி இருந்தான். நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வந்துவிடும். வசந்தம் வந்தால் வந்துவிடும். இப்போது செப்டம்பர்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமா? எலியோவிடம் சொன்னால் அவன் முதலில் தலையைச் சொறிவான், அப்புறம் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்வான், அவனுக்கு எதுவானாலும் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லாமல் தூக்கம் வராது, அக்கா அன்றைக்கே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து நின்றுவிடுவாள். அசுந்தா. இந்தச் சாப்பாட்டுக் கடையில் அவள் நின்ற அடுப்பு இது. மாமியாரும் அவளுமாக இருபது வருஷம் சமைத்தார்கள், மாமியார் போனதும் அசுந்தா தனியாகச் சமைத்தாள், பதினொரு வருஷத்துக்கு முன்னால் லொரெதானாதான் அவளை இங்கிருந்து கூடத்துக்கு அனுப்பியது, தட்டு எடுக்க, ஆர்டர் கேட்க. எப்படி அனுப்பினாள் என்பதை நினைக்க இப்போது நேரமில்லை. முயல் துண்டுகள் சிவக்க வேண்டும். மூன்று முயல், பெரிய சட்டி, பூண்டு, ரோஸ்மேரி, வெள்ளை வைன், கடைசியில் கொஞ்சம் தக்காளி. முயல் இறைச்சி சட்டியின் அடியை விட்டு எழும்பும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும், ஒட்டுப்பசை பிரிகிற மாதிரி, அப்போதுதான் திருப்பிப் போட வேண்டும். பார், மூக்கு இல்லாமலும் எவ்வளவு தெரிகிறது.

சிமோனெத்தி வீட்டு ஞானஸ்நான விருந்து இன்றைக்கு, இருபத்திரண்டு பேர், பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள், கிழவி சிமோனெத்தி ஜூலை மாதமே வந்து மேஜையைச் சொல்லிவிட்டுப் போனாள், வேறெதுவும் வேண்டாம் லொரெதானா, ரிகோட்டா வைத்த ராவியோலி மட்டும் கண்டிப்பாக வேண்டும், என் கல்யாணத்தில் சாப்பிட்டது என்று. ரிகோட்டா வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது, மேய்ப்பன் வீட்டுக்காரி பிரம்புக் கூடையில் துணி சுற்றிக் கொண்டுவந்தாள், நல்ல ஆட்டுப்பாலில் திரட்டிய பாலாடை, வெள்ளை வெளேரென்று நடுங்கியது. காலையில் வடிகட்டி, ஜாதிக்காய் துருவி, எலுமிச்சைத் தோல் துருவி, சீஸ் தூவி, பூரணம் தயார், பெரிய பீங்கான் கிண்ணத்தில் மேஜைமேல் இருக்கிறது. மாவும் ஈரத்துணிக்கு அடியில் தயார். இனித் தேய்த்து, பூரணம் வைத்து, மடித்து வெட்ட வேண்டியதுதான். நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள், உப்பு இருக்கிறது, லேசாகப் புளிப்பு, எலுமிச்சை. போதும். ருசி பார்ப்பது இப்போதெல்லாம் மாதா கோயிலுக்குள் நுழையும்போது சிலுவை போட்டுக்கொள்கிற மாதிரி, கை தானாகப் போகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஆனால் ஊர் சொல்கிறதே... எலியோ சனிக்கிழமைதோறும் கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் ஜனங்கள் எழுதியதை வாசித்துக் காட்டுகிறான். போலோஞாவிலிருந்து வந்த ஒருத்தி எழுதினாள், இந்த மலைச்சரிவில் இப்படி ஒரு சாப்பாடா, கண்ணீர் வந்தது என்று. அதே வாரம் அங்கோனாக்காரன் ஒருத்தன், சாஸ் தீய்ந்திருந்தது, கேட்டதற்கு அந்தம்மா சிரிக்கக்கூட இல்லை என்று. போன வருஷம் வரைக்கும் இப்படி இரண்டு விதமாக வந்ததில்லை. எலியோ போனை மூடிவிட்டு, மனுஷங்க நாக்கு பலவிதம், விடு, என்றான். அவளும் விட்டாள். விட்டாளா? தீய்ந்திருந்தது என்ற சொல் ஒரு வாரம் உள்ளே கிடந்து உறுத்தியது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அசுந்தா வந்தாள். அறுபத்திரண்டு வயது, ஒல்லி, கறுப்புப் பாவாடை, மூக்குக் கண்ணாடி தலைமேல், சிகரெட் பிடித்துவிட்டு வந்திருப்பாள், முன்பெல்லாம் அந்த வாடை அவளுக்கு முன்னால் வந்து நிற்கும், இப்போது ஆள் மட்டும் வருகிறாள். "இருபத்திரண்டு இல்ல, இருபத்துநாலாம். ஞானத்தகப்பன் கும்பாவும் அவன் பொண்டாட்டியும் வராங்களாம். அந்தக் கிழவிக்கு எண்ணத் தெரியாது." சரி என்றாள் லொரெதானா. வேலைப் பேச்சு பேசிக்கொள்வார்கள், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது, கிறிஸ்துமஸுக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொள்வதும் எலியோ பார்த்துக்கொண்டிருப்பானே என்பதற்காக. அசுந்தா மேஜைப் பக்கம் வந்தாள், கிண்ணத்துக்குமேல் குனிந்தாள், ஏதோ தேடுகிறவள் மாதிரி ஒரு கணம் நின்றாள். "இத அந்தப் பக்கம் வைக்கட்டா, மாவு தேய்க்க எடம் வேணுமில்ல?" வேண்டாம் இருக்கட்டும் என்று லொரெதானா வாயைத் திறப்பதற்குள் அவள் கிண்ணத்தைத் தூக்கிவிட்டாள், இரண்டு அடி வைத்தாள், மூன்றாவது அடியில் கிண்ணம் தரையில் இருந்தது. மாமியாரின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான். சில்லுச் சில்லாக. அதற்கு நடுவே நாலு கிலோ ரிகோட்டா, வெள்ளையாக, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பீங்கான் முள்ளோடு.

"அய்யோ, கைதவறிப் போச்சு," என்றாள் அசுந்தா. அவ்வளவுதான். குரலில் ஒரு பதற்றம் வேண்டாமா? லொரெதானாவுக்குக் காது அடைத்துக்கொண்டது, என்ன கத்தினோம் என்று அவளுக்கே பிறகு முழுதாக நினைவில்லை, "ஒனக்குக் கையா அது, இல்ல கரண்டிக் காம்பா? இருபத்துநாலு பேரு ஒக்காரப்போறான், நான் என்னத்த வைக்கறது அவன் தட்டுல, ஒன் தலையவா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்கு அசுந்தா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "என் தலைல சதை கம்மி, முயலே போதும்," என்று சொல்லிவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனாள். எலியோ ஓடிவந்தான், தரையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். லொரெதானா அவன் சட்டைக் கையைப் பிடித்துச் சரக்கறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "இது எத்தனாவது தடவ? ஏப்ரல்ல கோழிச் சாறு, ஒரு அண்டா. ஜூன்ல நெத்திலித் தட்டு. ஆகஸ்ட்ல பன்னிக்கொழுப்பு ஜாடி. இப்ப இது. ஒங்க அக்காவுக்குக் கை நடுங்குது எலியோ, நீ ஒத்துக்கமாட்டேங்கற. இன்னிக்கே சொல்லிடு. மாசக் கடைசியோட நின்னுக்கட்டும். கூடத்துக்கு ஜுலியாவோட பொண்ணு வரேன்னு சொல்றா." எலியோ ஜாடிகளைப் பார்த்தபடி நின்றான். பிறந்ததிலிருந்து அக்கா கையைப் பிடித்து வளர்ந்தவன். "இன்னிக்கா?" "இன்னிக்கு. நாலு மணிக்கு நாம சாப்பிட ஒக்காரும்போது." "சரி," என்றான், "சொல்றேன்." அவன் சரி என்றதும் அவளுக்கு வந்தது சந்தோஷமா? சந்தோஷம் மாதிரிதான் இருந்தது.

ராவியோலி போயிற்று, என்ன செய்யலாம், நேற்று வெட்டிக் காயப்போட்ட நாடாப் பாஸ்தா ராத்திரிக் கூட்டத்துக்கென்று இருக்கிறது, அதை எடுக்கலாம், இறைச்சிச் சாஸ் இருக்கிறது, காளான் ஒரு கூடை இருக்கிறது, இருபத்துநாலு பேருக்குச் சரியாக வரும், கிழவி முணுமுணுப்பாள், முணுமுணுக்கட்டும். காளானை நறுக்க நறுக்கக் கோபம் கையில் இறங்கியது, கத்தி பலகையில் டொக்கு டொக்கென்று... கை நடுங்குகிறவள் தட்டு எடுக்க வரலாமா? வயசானால் ஒத்துக்கொள்ள வேண்டாமா? நான் அன்றைக்கு ஒத்துக்கொள்ள வைத்தேனே. அதுதான், அதை நினைக்காமல் எங்கே போவது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், இதே சமையலறையில், மாமியார் செத்து ஆறு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மேஜை சாஸைத் திருப்பி அனுப்பியது, உப்புக் கரிக்கிறது என்று. அசுந்தா இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள், யாருக்கும் நடப்பதுதான், அம்மாவைப் பறிகொடுத்தவள், மனது எங்கேயோ இருந்திருக்கும். லொரெதானா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டு கழுவுகிறவள், எலியோ, ரொட்டி கொண்டுவந்த ஆள் எல்லோர் முன்னாலும் சொன்னாள், ஒரு நாளைக்கு முப்பது சிகரெட் பிடிக்கிற வாய், ஒன் நாக்கு செத்துப்போச்சு அசுந்தா, செத்த நாக்க வெச்சுக்கிட்டு ஊருக்குச் சமைக்காத. அசுந்தா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலை கூடத்தில் மேஜைவிரிப்பு விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. அழுதிருந்தாலாவது, கத்தியிருந்தாலாவது... செத்த நாக்கு. எட்டு மாதமாக அந்தச் சொல் லொரெதானாவின் வாய்க்குள்ளேயே கிடக்கிறது, ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் அதைத்தான் மெல்கிறாள்.

பன்னிரண்டரைக்குக் கார்கள் வரத் தொடங்கின, கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம், குழந்தை வீறிடும் சத்தம், கிழவி சிமோனெத்தியின் குரல். பாஸ்தாவைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முயலுக்கு வைனை ஊற்றித் தட்டைப் போட்டு மூடினாள். ரிகோட்டா வாளி கதவோரம் கிடந்தது, அசுந்தா கூட்டி அள்ளி வைத்தது, பெரிய சில்லுகளை மட்டும் பொறுக்கிவிட்டு அதைக் கொல்லைக் குழியில் கொட்டிவிட்டு வரலாம் என்று லொரெதானா வாளியோடு வெளியே வந்தாள். வெயில் நல்ல வெயில், சரிவில் சூரியகாந்தி கறுத்துத் தலை தொங்கி நின்றது. கொல்லையில் ஒரு சாம்பல் நிறப் பூனை உண்டு, யாருடையதும் இல்லை, எல்லாவற்றையும் தின்னும், அது சோப்பைத் தின்றதைக்கூட அவள் பார்த்திருக்கிறாள். குழி ஓரமாக ஒரு பிடி ரிகோட்டா, சில்லு இல்லாத இடமாகப் பார்த்து, பூனைக்கு என்று தள்ளினாள். அது காலைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தது. மூக்கை நீட்டியது. நின்றது. தலையைப் பின்னுக்கு இழுத்தது. பிறகு முன்னங்காலால் மண்ணைப் பறித்துப் பறித்து அதன்மேல் போட்டது, தன் மலத்தை மூடுகிற மாதிரி, ஒரு பக்கம், மறுபக்கம், மெனக்கெட்டு. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் விறகுக் கொட்டகைக்குள் போய்விட்டது.

லொரெதானா வாளியோடு நின்றாள். குனிந்து ஒரு விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள், பழக்கம், ஒன்றுமில்லை. விரலுக்கு இடையில் தேய்த்தாள். வழவழப்பு. ரிகோட்டா மணல் மாதிரி நொறுங்கவேண்டும், இது சளி மாதிரி இழுபட்டது. காலையில் எப்படிப் பார்க்காமல் போனோம்? வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை... சரக்கறைக் குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் பிய்ந்து தொங்குகிறது, சரியாக மூடாது, எலியோவிடம் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது. லேசான புளிப்பு, எலுமிச்சை என்று நினைத்தேனே. அந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய் உட்கார்ந்திருக்கிறாள் உள்ளே. இரண்டு கிழவர்கள், ஒருத்தருக்கு இருதயத்தில் கருவி வைத்திருக்கிறது. இருபத்துநாலு பேர். விறகுக் கட்டையில் உட்கார்ந்தாள். அசுந்தா கிண்ணத்துக்குமேல் குனிந்து நின்ற அந்த ஒரு கணம்... தேடவில்லை, முகர்ந்தாள். அப்படியானால் ஏப்ரல் கோழிச் சாறு? ராத்திரி முழுக்க அடுப்புமேலேயே ஆறாமல் கிடந்த சாறு, காலையில் மேலே சின்னச் சின்ன நுரை, கொதிக்கிறது என்று நினைத்தாள். நெத்திலி? வெள்ளிக்கிழமை வரவேண்டிய மீன் வியாழக்கிழமையே வந்து ஒரு நாள் கிடந்தது. கொழுப்பு ஜாடி, ஆகஸ்ட் வெயிலில் ஜன்னலோரம். முப்பது வருஷம் ஒரு கரண்டியைக்கூடக் கீழே போடாத கை. ஒரு கையில் நாலு தட்டு அடுக்கிக்கொண்டு படியேறுகிற கை. அது எட்டு மாதத்தில் நாலு தடவை தவறியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு துளிகூட மிச்சம் எடுக்க முடியாதபடி. ஒவ்வொரு தடவையும் நான் என்னென்ன சொன்னேன்? சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு துடைப்பம் எடுக்கப் போனாள்... முயல்!

ஓடினாள். தட்டைத் திறந்தாள், ஆவி முகத்தில் அடித்தது, ஈரமான வெறும் ஆவி. சத்தம் கேட்கவில்லையே, கேட்டிருக்க வேண்டிய கொதி கேட்கவில்லை, கரண்டியை விட்டுப் பார்த்தாள், அடியில் எதுவோ சொரசொரத்தது. எவ்வளவு பிடித்திருக்கிறது? மேலே வரைக்கும் ஏறியிருக்குமா? இதை எப்படித் தெரிந்துகொள்வது, யாரைக் கேட்பது, கூடத்தில் பாஸ்தாத் தட்டுகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன, பத்து நிமிடத்தில் முயல் போகவேண்டும். அசுந்தா காலித் தட்டுகளோடு உள்ளே வந்தாள். வந்தவள் நின்றாள். மூக்கு விடைத்ததை லொரெதானா பார்த்தாள், இவ்வளவு நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தாள் என்று தெரியவில்லை, கதவைத் தாண்டியதுமே அந்த மூக்கு விடைக்கிறது. அசுந்தாவின் கண் சட்டிக்குப் போனது, அப்புறம் சட்டியின் கைப்பிடிக்கு, எப்படித் தூக்குவது என்று கணக்குப் போடுகிற மாதிரி. பன்னிரண்டு கிலோ சட்டி, கொதிக்கிற சாஸ். காலில் கொட்டிக்கொள்வாள். லொரெதானா ஒரு கரண்டியில் சாஸை எடுத்தாள், ஊதினாள், கையை அடியில் ஏந்திக்கொண்டு போய் நாத்தனாரின் வாய்க்கு நேராக நீட்டினாள்.   அசுந்தா கரண்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தாள். குனிந்து வாங்கிக்கொண்டாள். நாக்கைச் சுழற்றினாள். "அடி பிடிச்சிருக்கு," என்றாள், "மேல ஏறல இன்னும். கிண்டாத. மேல இருக்கறத வேற சட்டிக்கு மாத்து, அடிய தொடாத. ரோஸ்மேரி ரொம்பப் போட்டுட்ட, அந்தக் காம்பெல்லாம் பொறுக்கிப் போடு. கொஞ்சம் தக்காளி, ஒரு சொட்டு வினிகர்." சட்டியைச் சாய்த்துப் பிடித்தாள், லொரெதானா ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?" லொரெதானா சட்டியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். "பிப்ரவரி. பால் பொங்கி அடுப்புல கருகிட்டு இருந்துச்சு, கூடம் வரைக்கும் நாத்தம். நீ பக்கத்துலயே முதுகக் காட்டி நின்னு கீரை ஆய்ஞ்சிட்டிருந்த." "ஏன் சொல்லல?" அசுந்தா சாய்த்த சட்டியை நிமிர்த்தினாள். "சொல்லி? நான் மறுபடி அடுப்புல நிக்கணுமா? முட்டி ரெண்டும் போயாச்சு எனக்கு. நீயே வேகு," என்றாள், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆறாவது மேஜை வைன் கேட்டுச்சு," என்று போய்விட்டாள். அவ்வளவுதானா? முட்டிக்காகவா? ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், இந்த அடுப்பு அவளுடையது, பதினொரு வருஷம் கழித்து, ஊர் பார்க்க, என்னை ஏப்ரன் அவிழ்க்க வைத்திருக்கலாம். அதை வேண்டாம் என்று விட்டாளா, இல்லை, நாலு தடவை நான் அவளைத் திட்டத் திட்ட, இவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் வைத்து ருசித்தாளா? இரக்கமா, பழியா? அந்த முகத்தில் எதுவும் எழுதியிருப்பதில்லை. இரண்டும் ஒரே சட்டியில் வேகக்கூடாதா என்ன.

முயல் போயிற்று. திரும்பி வந்தது தட்டுகள் அல்ல, பேச்சு. கிழவி சிமோனெத்தி ராவியோலி இல்லாத ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை, குழந்தைக்குப் பேர் ஒட்டாது என்று சொன்னாளாம், அவள் மருமகள் காளான் பாஸ்தாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாளாம். கும்பாவின் பொண்டாட்டி முயலில் ஏதோ புகை அடிக்கிறது என்று ஒதுக்கிவிட்டாள். ஜன்னலோர மேஜையில் தனியாகச் சாப்பிடும் கால்நடை மருத்துவர் பல்தூச்சி, ஞாயிறு தவறாமல் வருகிறவர், சமையலறைக் கதவுவரைக்கும் வந்து எட்டிப் பார்த்து, "சின்யோரா லொரெதானா, விறகடுப்புல வெச்சீங்களா? எங்க ஊர்ல இப்பிடித்தான் வைப்பாங்க, புகை புடிச்சு. அம்பது வருஷம் ஆச்சு நான் இத சாப்புட்டு," என்றார், கண் கலங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்றாள். அடி பிடித்த முயல் ஒருத்தருக்கு ஒவ்வாமல் போகிறது, இன்னொருத்தரை அழவைக்கிறது, அப்படியானால் நல்ல சாப்பாடு என்பது என்ன, யார் நாக்கில் அது இருக்கிறது? நினைத்துப் பார்க்கத் தெம்பில்லை. கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள், குழந்தை தூங்கிப்போனது, கார்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கின.

நாலு மணிக்கு மூன்று பேரும் கூடத்து மூலை மேஜையில் உட்கார்ந்தார்கள், வழக்கம்போல, மிச்சத்தைச் சூடுபண்ணி. கூடத்தில் நொறுங்கிய ரொட்டி, சர்க்கரை பூசிய பாதாம், கவிழ்ந்த வைன் கறை. முயலில் மிச்சம் இருந்தது அடிப்பக்கத்தில் இருந்து தப்பித்த மூன்று துண்டுகள்தான், கறுத்த ஓரத்தோடு. அசுந்தா ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டாள். லொரெதானாவுக்கு வாயில் நார், உப்பு, சூடு. எலியோ மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் தண்ணீர் குடித்தான், தொண்டையைச் செருமினான், தலையைச் சொறிந்தான். "அசுந்தா," என்றான், "ஒங்கிட்ட ஒண்ணு பேசணும்." அசுந்தா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. "பேசேன். வாய்ல முயல வெச்சுக்கிட்டுப் பேசாத." "இல்ல... கொஞ்ச நாளா பாக்கறேன், ஒனக்கும் வயசாகுது, இந்தப் பீங்கானு, அந்த ஜாடி..." அவன் மனைவியைப் பார்த்தான், எடுத்துக் கொடுக்க மாட்டாளா என்று. லொரெதானா தன் தட்டையே பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். அவன் சொல்லி முடிப்பான், அசுந்தா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள், அவள் வாயைத் திறக்கமாட்டாள், பதினொரு வருஷத்துக்கு முன்னால் திறக்கவில்லை, இப்போதும் திறக்கமாட்டாள், யாருக்கும் எதுவும் தெரியவராது. அடுத்த மாதம் ஜுலியாவின் பெண் தட்டு எடுப்பாள். ரிகோட்டாவை யார் கீழே போடுவார்கள்?

"எலியோ, நிறுத்து," என்றாள். "எனக்கு மூக்கு போச்சு. ஜனவரில விழுந்தேன்ல, அன்னிலேர்ந்து. வாசன தெரியாது, ருசி தெரியாது. எதுவும் தெரியல எனக்கு. அந்த ரிகோட்டா கெட்டுப்போயிருந்துச்சு. அவ வேணும்னேதான் போட்டா. எல்லாத்தையும் அவ வேணும்னேதான் போட்டா." சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. அசுந்தா ரொட்டித் துணுக்குகளை ஒரு விரலால் மேஜைமேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள், பெரிய வேலை அது என்பது மாதிரி. எலியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான், முள்கரண்டி பாதி தூரத்தில் நின்றது, அதில் ஒரு துண்டு முயல், கறுத்த பக்கம் மேலே. வாயில் போட்டுக்கொண்டான். யோசித்து யோசித்து மென்றான், விழுங்கினான். "எட்டு மாசமாவா?" என்றான். ஆமாம் என்றாள். அவன் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. "ஆனா சாப்பாடு எப்பவும் போலத்தானே இருக்கு?" என்றான்.

அசுந்தாவின் விரல் நின்றது. அவள் தலை நிமிர்ந்தது, லொரெதானாவின் தலையும், இரண்டு பேர் கண்ணும் மேஜைக்குக் குறுக்கே சந்தித்துக்கொண்டன, அசுந்தாவின் கடைவாயில் ஏதோ துடித்தது, சிரிப்பாக இருக்கலாம். எப்பவும் போல... எலியோ ரொட்டியால் தட்டைத் துடைக்கத் தொடங்கியிருந்தான், அந்தக் கறுத்த சாஸை, ஒரு மூலை விடாமல், நிதானமாக. அவளைத் தேற்றத்தான் சொல்கிறானா? எட்டு மாதம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வாய் திறக்காமல் இருந்த இன்னொருவனா இவன்? இல்லை, நிஜமாகவே... அவள் மணிக்கணக்காய் நின்று சாஸ் காய்ச்சிய பத்து வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில், மூக்கு இருந்த நாட்களில், அவளுக்கே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றிய அந்த நல்ல நாட்களில், எதிரே இதே நாற்காலியில் உட்கார்ந்து தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தானே, அப்போது அவன் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்? கேட்கலாம். பக்கத்தில்தான் இருக்கிறான். எலியோ தட்டை நீட்டினான், அசுந்தா மிச்சம் வெச்ச அந்தத் துண்டு யாருக்கும் வேணாம்னா நான் எடுத்துக்கட்டா என்றான், லொரெதானா எடுத்து வைத்தாள்.